பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர்

அந்தத் தண்ணீர்ப் பம்புக் கம்பெனியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாசல் காவலாளி முதல் கணக்குப்பிரிவு மேனேஜர் வரை எல்லோருக்கும் அவள் நட்டக்காதான். பழுதாகித் திரும்பி வரும் பம்புகளைப் பிரித்துப் பார்க்கும் அறையில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவள். நீல மேலங்கியின் இரண்டு பைகளிலும் எந்நேரமும் நட்டும் போல்ட்டும் குலுங்கிக்கொண்டிருக்கும். "நட்டு கழண்ட கேசை நிறையப் பாத்திருக்கேன். நட்டைப் பையில போட்டுக்கிட்டுத் திரியற கேசை இங்கதான் பாக்கறேன்" என்று ஸ்டோர் கீப்பர் ஒருநாள் விளையாட்டாகச் சொன்னார். அன்றோடு ஒட்டிக்கொண்டது அந்தப் பெயர். அவளும் அதை வேண்டாமென்று சொல்லவில்லை.

ஒரு பம்பைப் பிரித்தால் அது எந்தக் கிணற்றில் கிடந்தது, யார் கையில் மாட்டியது, எங்கே மென்னியைப் பிடித்தது என்று புட்டுப்புட்டு வைப்பாள். மகள் பிறந்தபிறகு மாலை வகுப்புக்குப் போய் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தாள். தேர்வுக்குப் போகும் நாட்களில் கைக்குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு ஓடுவாள். "அண்ணி, நீங்க பாஸ் பண்ணலைன்னா நான் இதுக்குச் சம்பளம் கேப்பேன்" என்று நாத்தனார் மிரட்டுவாள். சம்பளத்துக்கு வழியில்லாமல் முதல் வகுப்பில் பாஸ் செய்தாள் நட்டக்கா.

நாற்பத்தோராவது வயதில் அவளை இரண்டாம் மாடியில் இருந்த ஆராய்ச்சிப் பிரிவுக்கு மாற்றினார்கள். புதிய பம்புகளை நாள்கணக்கில் ஓடவிட்டுச் சோதிக்க ஆள் தேவைப்பட்டது. கீழே பழுதைப் பார்த்தவள், மேலே பழுதாகாத பம்பைப் பார்க்கப்போகிறோம் என்ற சந்தோஷத்தில் படியேறினாள்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்குப் பெரிய நெருக்கடி வந்தது. விலை குறைந்த பம்புகள் கடைகளில் வந்து குவிந்தன. விலையில் போட்டி போட்டால் மூச்சு முட்டிவிடும் என்று நிர்வாக இயக்குநர் கண்டுகொண்டார். கம்பெனியைத் தொடங்கியவரின் மகள் அவர். நாற்பது வயதுக்குள், பேச்சில் கறார், எதையும் இரண்டு முறை சொல்லமாட்டார். மற்றவர்கள் விலையைக் குறைக்கட்டும், நாம் ஒரு வாக்குக் கொடுப்போம் என்று முடிவு செய்தார். 'எங்கே பழுதானாலும் ஒரே நாளில் தண்ணீர்' என்பதுதான் அந்த வாக்கு. வாசலிலும் லாரிகளிலும் கடைகளிலும் அதை எழுதி மாட்டினார்கள். ஊர் ஊராக இரண்டாயிரம் மெக்கானிக்குகளைப் பயிற்சிக்கு அழைக்க ஏற்பாடு நடந்தது.

இரண்டாம் மாடியில் நடந்ததோ வேறு கதை. ஆராய்ச்சித் தலைவர் மூன்று வருஷமாக ஒரு பம்பைச் செதுக்கிக்கொண்டிருந்தார். தலைமுடி முழுக்க வெளுத்த, சட்டைப்பையில் நான்கு பேனா குத்தியிருக்கும் மனிதர். கெட்டிக்காரர், சோம்பல் என்றால் என்னவென்றே தெரியாதவர். அவருடைய பம்பு மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்கை மிச்சப்படுத்தும். மோட்டாரைச் சுற்றிப் பிசின் ஊற்றி, துளித் தண்ணீர்கூட நுழையாதபடி அடைத்துவிடுவார்கள். அது ஓடும்போது மேசையில் வைத்த தம்ளரில் அலைகூட எழாது. நட்டக்கா அதை நாற்பது நாள் இடைவிடாமல் ஓடவிட்டாள். பம்பு அசரவில்லை. அவளே மூக்கின்மேல் விரலை வைத்தாள்.

ஒரு திங்கட்கிழமை பயிற்சிப் பிரிவிலிருந்து ஒரு வேலை வந்தது. மெக்கானிக்குகளுக்குக் கொடுக்கும் கையேட்டில் புதிய பம்பைப் பற்றி ஒரு பாடம் வேண்டும். எப்படிப் பிரிப்பது, எப்படிப் பழுது பார்ப்பது என்று எழுத வேண்டும். பிரித்தே பழகியவள் ஆயிற்றே என்று நட்டக்காவிடம் கொடுத்தார்கள். அவள் பம்பைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஏழு அளவுகளில் போல்ட்டுகள். அதையெல்லாம் கழற்றினாலும் உள்ளே கருங்கல் மாதிரி பிசின். கடைசியில் தலைவரிடமே போய் நின்றாள்.

"சார், இதை எப்படித் திறக்கறது?"

"எதுக்குத் திறக்கணும்?"

"கெட்டுப்போனா சார்."

"கெடாதும்மா."

"கெட்டா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கெட்டா நமக்கு அனுப்பட்டும். நாம வேற குடுப்போம்."

நட்டக்கா தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். கடைக்கோடி ஊரிலிருந்து ஒரு பம்பு பெட்டியில் ஏறி, லாரி மாறி, கம்பெனிக்கு வந்து திரும்பிப் போகப் பத்தொன்பது நாள் ஆகும். அந்தப் பெட்டிகளைப் பிரித்தவளுக்கு அது விரல் நுனியில் இருந்தது. வாசலில் எழுதியிருப்பதோ ஒரே நாள். ஒரே கட்டடத்தில் கீழே ஒரு வண்டி கிழக்கே பார்த்துக் கிளம்ப, மேலே ஒரு வண்டி மேற்கே பார்த்துக் கிளம்பியிருக்கிறது. இரண்டு வண்டிக்காரர்களும் நல்லவர்கள், உழைப்பாளிகள். ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அன்று வீட்டில் அவள் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கணவர் பஸ் கண்டக்டர். ஒரு முகத்தைப் பார்த்தாலே சில்லறை இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்.

"என்னம்மா, பம்புல அடைப்பா, வயித்துல அடைப்பா?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். "நான் என்னங்க எழுதறது? பாடம்னு ஒண்ணு வேணுமே."

"உள்ளதை எழுது."

"உள்ளதை எழுதினா ஒரு வரிதாங்க வரும்."

"அப்ப ஒரு வரிதான் எழுது. எங்க பஸ்ல 'படியில் நிற்காதே'ன்னு ஒரு வரிதான் இருக்கு. அதையே யாரும் கேக்கறதில்ல."

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த நாத்தனார் உள்ளிருந்து குரல் கொடுத்தாள். "எழுதுங்க அண்ணி. வேலை போனா வீட்டுல சமைக்கலாம். எனக்கும் ஓய்வு கிடைச்ச மாதிரி இருக்கும்."

மறுநாள் நட்டக்கா பாடத்தை எழுதிக் கொடுத்தாள். 'இந்தப் பம்பைத் திறக்க முடியாது. பழுதானால் பெட்டியில் போட்டுக் கம்பெனிக்கு அனுப்பவும். பத்தொன்பது நாள் ஆகும்.' மொத்தமே அவ்வளவுதான். ஒரு வரி என்று நினைத்தது மூன்று வரியானதில் அவளுக்குச் சின்னத் திருப்தி.

கையேடு அச்சுக்குப் போகுமுன் நிர்வாக இயக்குநர் கண்ணில் பட்டது. அரைமணி நேரத்தில் தொலைபேசி அலறியது. போனை வைத்த ஆராய்ச்சித் தலைவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"மூணு வருஷ வேலைம்மா! மேலிடத்துல வத்தி வச்சிட்டீங்களே!"

"நான் வத்தி வைக்கல சார். எப்படிப் பிரிக்கறதுன்னு கேட்டாங்க. பிரிக்க முடியாதுன்னு சொன்னேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேனே சார். 'கெட்டா?'ன்னு ரெண்டு தடவை கேட்டேன்."

அவர் விருட்டென்று தன் அறைக்குள் போனார். வேலைக்கே உலை வந்துவிடுமோ என்று நட்டக்காவுக்குப் பயம்தான். ஆனால் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மாற்றத் தோன்றவில்லை.

புதன்கிழமை கூட்டம். நீள மேசை, ஒருபக்கம் விற்பனை, ஒருபக்கம் ஆராய்ச்சி. நடுவே அந்த அடைத்த பம்பு, கல்யாண மண்டபத்தில் வழிதவறி உட்கார்ந்த ஆள் மாதிரி. நட்டக்கா கதவோரம் நின்றாள். நிர்வாக இயக்குநர் நேராக ஆரம்பித்தார்.

"ஆராய்ச்சியில இப்ப கையில எத்தனை வேலை இருக்கு?"

"பதினாலு, மேடம்" என்றார் தலைவர்.

"பதினாலையும் சுவத்துல எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரே கேள்வி. இது வந்தா, பம்பு கெட்ட வீட்டுக்கு ஒரே நாள்ல தண்ணி வருமா? யாரு பதில் சொல்றது?"

தலைவர் மெதுவாகக் கதவுப்பக்கம் திரும்பினார். "அவங்களைக் கேளுங்க மேடம். கெட்ட பம்பை அவங்களைவிட அதிகமாப் பாத்தவங்க இந்தக் கட்டடத்துல இல்ல."

கோபத்தில் இருந்த மனிதர் வாயிலிருந்து அந்தச் சொல் வரும் என்று நட்டக்கா எதிர்பார்க்கவில்லை. பதினாலையும் எழுதிய சுவர் அருகே போய் நின்றாள். ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். நிறம் மாறாத பூச்சு: தண்ணீர் வராது. கைபேசியிலிருந்து பம்பை இயக்கும் கருவி: வராது. எடை குறைந்த அலுமினிய உடம்பு: தூக்கிப் போக லேசு, ஆனால் தண்ணீர் வராது. பதினாலில் இரண்டே இரண்டுதான் தேறின. அந்த இரண்டுக்கும் ஆள் ஒதுக்கவில்லை, அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தன.

விற்பனை மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "மூணு வருஷமா மேல என்னதான் நடந்துச்சுன்னு இப்பத்தான் புரியுது."

அதுதான் தலைவரைக் கிளப்பிவிட்டது. எழுந்து நின்றார். "எனக்கு யாரு சொன்னாங்க? சொல்லுங்க! இந்த வாக்கைக் குடுக்கறதுக்கு முந்தி ஒரு ஆளாவது மாடிப்படி ஏறி வந்து, 'இப்படி ஒண்ணு செய்யப்போறோம், உங்களால என்ன முடியும்'னு கேட்டீங்களா? கேட்ல மாட்டின போர்டைப் பாத்து நான் ஆராய்ச்சி பண்ணணுமா?"

நிர்வாக இயக்குநர் பேனாவை மூடி வைத்தார்.

"இல்ல. நான்தான் உங்களைக் கூப்பிட்டுப் பேசியிருக்கணும். அது என் தப்பு" என்றார். பிறகு, "ஆனா வாக்கை நான் திரும்ப வாங்கப்போறதில்ல. ஆறு மாசம் தர்றேன். இந்தப் பம்பை வாக்குக்குள்ள கொண்டாங்க, இல்ல தூக்கி வச்சிருங்க."

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது நட்டக்கா தலைவரிடம் சொன்னாள்: "சார், நாளைக்கு ஒருநாள் என்கூட வாங்க. ஒரு கடையைக் காட்டறேன்."

மறுநாள் இரண்டரை மணிநேரம் பஸ்ஸில் போய் இறங்கினார்கள். கடைவீதியின் கடைசியில் ஒரு மெக்கானிக் கடை. கதவைவிடக் கடை சின்னது. மெக்கானிக் தரையில் குந்தி, ஒரு பம்பின் வயிற்றைத் திறந்துகொண்டிருந்தார். தலைவருக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். காலையிலிருந்து மதியம்வரை அவர் அதில் உட்கார்ந்து, பேசாமல் பார்த்தார். மெக்கானிக் கையில் மூன்றே சாமான்கள்: ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு சுத்தி, பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர்.

"மத்த ஸ்பேனர்லாம் எங்கப்பா?" என்று கேட்டார் தலைவர்.

"செட்டா வாங்கினேன் சார். காணாமப் போயிருச்சு. இது மட்டும் போகமாட்டேங்குது. இதுல மாட்டாத பம்பு வந்தா, பக்கத்து ஊருக்கு அனுப்பிருவேன்."

தலைவர் நட்டக்காவைப் பார்த்தார். ஏழு அளவு போல்ட் இருவர் மனதிலும் ஓடியது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர் பாதி வழியில் திடீரென்று கேட்டார். "ஏம்மா, பம்புல கெடறது மொத்தம் எத்தனை இடம்?"

"அஞ்சு சார். கண்டென்சர், வைண்டிங், பேரிங், சீல், இம்பெல்லர்."

"கண்டென்சர் வெளிய இருக்கு. மாத்தறது சுலபம். மிச்சம் நாலும் உள்ள. அந்த நாலையும் ஒரே கூட்டுக்குள்ள அடைச்சிட்டா? வைண்டிங்கைச் சுத்தி மட்டும் நம்ம பிசினை ஊத்திட்டா? கெட்டது எதுன்னு அந்த ஆள் தேடவே வேணாம். கூட்டோட உருவிட்டு, புதுக் கூட்டைச் சொருகிட்டா?"

நட்டக்கா இருக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "கடைக்குக் கடை ரெண்டு கூடு வச்சிரலாம் சார். கெட்டதை நிதானமா நமக்கு அனுப்பட்டும். வீட்டுக்காரங்களுக்கு அன்னிக்கே தண்ணி வந்துருமே!"

"எல்லா போல்ட்டும்?"

"பதிமூணு சார்."

இருவரும் சிரித்த சிரிப்பில் முன்சீட்டில் தூங்கிய பெண்மணி விழித்துக்கொண்டு முறைத்தாள்.

அதன்பின் இரண்டாம் மாடியின் முகமே மாறியது. சுவரில் எழுதிய பதினாலில், தேறிய இரண்டையும் இந்தப் பம்பையும் விட்டுப் பதினொன்றை அடித்தார்கள். அடித்ததில் நான்கு தலைவரே தொடங்கியவை. தன் கையாலேயே கோடு போட்டார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் விற்பனை மேனேஜர் மாடியேறி வந்து ஆராய்ச்சிக்காரர்களோடு உட்கார வேண்டும் என்று ஏற்பாடானது. முதல் இரண்டு வாரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், மூன்றாவது வாரம் தானாகவே சீக்கிரம் வந்தார். கடைக்காரர்கள் சொன்ன குறைகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டும் வந்தார்.

உள்கூடு தயாரானது. உருவினால் வழுக்கிக்கொண்டு வந்தது. தலைவர் குழந்தை மாதிரி நாலு முறை உருவிச் சொருகிப் பார்த்தார். நட்டக்கா மட்டும் சந்தோஷப்படவில்லை.

"இது சுத்தமான தண்ணி சார். கிணத்துல இப்படி இருக்காது."

தொட்டியில் வண்டலும் மணலும் கொட்டி, நாலு வாரம் ஓடவிட்டாள். பிறகு போல்ட்டுகளைக் கழற்றி இழுத்தார்கள். கூடு அசையவில்லை. இருவர் சேர்ந்து இழுத்தார்கள். காலை முட்டுக்கொடுத்து இழுத்தார்கள். சுத்தியால் தட்டியதில் விளிம்பு உடைந்ததுதான் மிச்சம். உடம்புக்கும் கூட்டுக்கும் நடுவே வண்டல் இறுகிச் சிமென்ட் போலாகியிருந்தது. கெடு முடிய ஏழு வாரமே இருந்தது. தலைவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

நட்டக்கா இரண்டு நாள் அந்தப் பம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழுது அறையில் இதைவிட மோசமாக இறுகிய மூடிகளைக் கழற்றியவள்தான். இழுத்து எதுவும் வந்ததில்லை. உள்ளிருந்து தள்ளியபோதுதான் வந்திருக்கிறது. ஆனால் உள்ளிருந்து தள்ளக் கை எப்படிப் போகும்? மூன்றாம் நாள் காலை மேலங்கிப் பையிலிருந்து ஒரு போல்ட்டை எடுத்தாள். கூட்டின் விளிம்பில் இரண்டு இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டாள்.

"சார், இங்க ரெண்டு ஓட்டை போட்டு, போல்ட் திருகிப் போக மரை வெட்டுவோம். அந்தப் பக்கம் பம்போட உடம்புதான் இருக்கு. கழட்டின போல்ட்டையே இதுல விட்டு முறுக்கினா, நுனி உடம்புல போய் முட்டும். அதுக்கு அப்புறம் போல்ட் போக வழி இல்லாம, கூடு வெளிய வந்துதானே ஆகணும்?"

தலைவர் அந்த வட்டங்களை விரலால் தொட்டுப் பார்த்தார். "அதே பதிமூணு ஸ்பேனர்தானே?"

"அதேதான் சார்."

ஓட்டை போட்டார்கள். மரை வெட்டினார்கள். புதிதாக ஒரு பம்பை வண்டலில் ஓடவிட்டு இறுகவைத்தார்கள். நட்டக்கா தன் கையால் போல்ட்டை முறுக்கினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று. 'கிரீச்' என்றது. வண்டல் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ஐந்தாவது சுற்றில் கூடு முழுசாக மேலெழும்பி வந்தது. அறையில் இருந்த ஒன்பது பேரும் கத்திய கத்தில் கீழ்மாடிக்காரர்கள் எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று ஓடி வந்தார்கள்.

கெடு நாள் வந்தது. நிர்வாக இயக்குநர் ஒரு நிபந்தனை போட்டார்: கம்பெனி ஆள் யாரும் பம்பைத் தொடக்கூடாது. பயிற்சி பெறாத, இந்தப் பம்பைக் கண்ணாலும் பார்த்திராத ஒரு மெக்கானிக் பழுது பார்க்க வேண்டும். ஒரு மணிநேரத்துக்குள் தண்ணீர் வர வேண்டும்.

கம்பெனி முற்றத்தில் பெரிய தொட்டி வைத்து, வண்டலில் ஓடவிட்டு இறுகவைத்து வேண்டுமென்றே கெடுத்த பம்பைப் பொருத்தியிருந்தார்கள். இயக்குநர்கள், முப்பது கடைக்காரர்கள், வேலை நேரத்தில் எட்டிப் பார்க்க வந்த பாதித் தொழிற்சாலை. விற்பனை மேனேஜர் எங்கிருந்தோ ஒரு மெக்கானிக்கைப் பிடித்து வந்தார். அந்த மனிதருக்குப் பல்வலி. ஒரு கன்னம் வீங்கியிருந்தது. "கடையைப் பூட்டிட்டு வந்திருக்கேன். எதுன்னு காட்டுங்க, சீக்கிரம் போகணும்" என்றார் ஒரே எரிச்சலாக.

பம்பைக் காட்டினார்கள். அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். தன் பையைத் துழாவினார். பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர் வெளியே வந்தபோது நட்டக்கா தன்னையறியாமல் தலைவரின் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான்கு போல்ட். கூட்டை இழுத்துப் பார்த்தார், வரவில்லை. கடைக்காரர்கள் எக்கி எக்கிப் பார்த்தார்கள். அவர் விளிம்பைத் துடைத்தார். இரண்டு காலி ஓட்டைகள் கண்ணில் பட்டன. கழற்றிய போல்ட்டைப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார். வீங்காத கன்னத்தில் மட்டும் ஒரு சிரிப்பு. முறுக்க ஆரம்பித்தார்.

பழைய கூடு வெளியே வந்தது. பக்கத்தில் வைத்திருந்த புதிய கூடு உள்ளே போனது. சுவிட்சைத் தட்டினார். குழாய் ஒருமுறை இருமியது. பிறகு தண்ணீர் பீறிட்டு அடித்ததில் எதிரே நின்ற விற்பனை மேனேஜர் தலைமுதல் கால்வரை நனைந்தார். இருபத்திரண்டு நிமிஷம்! முற்றமே கைதட்டியது. நனைந்தவரும் கைதட்டினார்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "இதை யாரு பண்ணினது? கையில கிரீஸ் படாதவன் இந்த ரெண்டு ஓட்டையைப் போட்டிருக்கமாட்டான்."

தலைவர் நட்டக்காவை முன்னால் தள்ளிவிட்டார்.

"இவங்கதான்!" என்றார் உரக்க.

நிர்வாக இயக்குநர் நடந்து வந்து, கூட்டம் பார்க்க அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அடுத்த மூணு வருஷத்துக்குக் கம்பெனி என்ன செய்யணும்னு வெள்ளிக்கிழமை பேசப்போறோம். இந்தத் தடவை போர்டு எழுதி மாட்டறதுக்கு முந்திப் பேசறோம். நீங்க வரணும்."

"இவங்க வரலைன்னா நானும் வரமாட்டேன்" என்றார் தலைவர், யாரும் கேட்காமலே.

அந்தப் பம்பு முதல் வருஷத்திலேயே விற்பனையில் மற்ற எல்லாப் பம்புகளையும் தூக்கிச் சாப்பிட்டது. காப்புரிமைப் பத்திரத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. அவள் பெயரைத் தலைவர் முதலில் எழுதியிருந்தார். கடைக்கோடி ஊர்களிலிருந்து அதே நாளில் தண்ணீர் வந்த சேதிகள் வந்தபடி இருந்தன. ஒரு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை, காலையில் கெட்ட பம்பு மத்தியானச் சாப்பாட்டு மணிக்குள் ஓடிவிட்டதென்று தொலைபேசியில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

பதவி உயர்வுக் கடிதம் வந்த அன்று மகள்தான் அதை வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள். எந்த ஆராய்ச்சியைத் தொடங்குவது, எதை நிறுத்துவது என்று கம்பெனியின் திட்டத்தோடு பொருத்திப் பார்த்துக் கையெழுத்துப் போடும் பொறுப்பு இனி நட்டக்காவுக்கு.

கணவர் கடிதத்தை வாங்கி, சீட்டுப் பரிசோதிப்பது மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அப்ப இனிமே உன் கையெழுத்து இல்லாம அங்க ஒரு திட்டமும் நகராதா?"

"நகராது."

"வீட்டுலயும் அப்படித்தானா?"

சமையலறையிலிருந்து நாத்தனாரின் குரல் முந்திக்கொண்டது. "இத்தனை வருஷமா இங்க என்ன நடக்குதுன்னு நினைச்சீங்கண்ணா?"

மகள் சிரித்த சிரிப்பில் கடிதம் கையிலிருந்து நழுவியது. நட்டக்கா அதைக் குனிந்து எடுத்தாள். இன்னொரு முறை, இந்தத் தடவை தனக்கு மட்டும் கேட்கும்படி, முதல் எழுத்திலிருந்து நிதானமாகப் படித்தாள்.